இரண்டு ஸ்பிரிங்

பலாங்கொடைப் பக்கத்தில் நான் களப்பணி செய்யும் தோட்டமொன்றில், லயத்துப் பெண்களைப் பிரசவத்திற்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வது ஒரு பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 கார்தான். 1961 முதல் 1969 வரை இங்கிலாந்தில் தயாரான வகை. கணவரை இழந்த அக்கா ஒருவர் அதை வாடகைக்கு ஓடவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கின்றார். (1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்டின்களை வடக்குச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.)

அண்மையில் காரின் முன்பக்கம் இடதுபுறமாகத் தாழ்ந்துவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் 'டொக்' என்று இடிக்கும். நிறைமாதப் பெண்ணுக்கு அந்த இடி எப்படியிருக்கும்! ரப்பர் கட்டையைச் செருகிச் சமாளிக்கலாம், இடது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. ஒன்று புதிதும் மற்றது தளர்ந்ததுமாக இருந்தால் கார் ஒரு பக்கம் சாயும். இரண்டையும் மாற்றச் சீட்டுப் பணத்தை எடுத்தார்.

கராஜில் நானும் நின்றேன். சுருள் ஸ்பிரிங் காரின் பாரத்தில் அமுங்கியே இருக்கும். பிடியில்லாமல் கழற்றினால் துள்ளி ஆளையே கொன்றுவிடும். மெக்கானிக் காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கு ஜக் கொடுத்து, அதை மெதுமெதுவாக இறக்கினார். கழற்றியதைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால், இரண்டு விரல் குட்டை! ரப்பர் புஷ் உள்ள நட்டுகளை, கார் சக்கரங்களில் நின்ற பிறகே கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழிந்துவிடுமாம்.

செலவை ஈடுகட்ட வாடகையைக் கொஞ்சம் கூட்டலாமே என்றேன்.

"பிள்ளைத்தாய்ச்சிக்கிட்ட கூட்டிக் கேக்கிறதா தங்கச்சி? கல்யாண ஓட்டத்துல பாத்துக்கலாம்" என்றார்.