அனுராதபுரத்துக் குளமும் எங்க ஊர் கண்மாயும்

போன மாசியில கதிர் அடிச்சு, வைக்கோலைப் படப்பு போட்டு முடிச்ச மறுவாரம் ஒன்பது நாள் நான் ஊர்ல இல்லை. ஐம்பத்தாறு வயசுல முதல் தடவையா விமானம் ஏறி இலங்கைக்குப் போயிட்டு வந்தேன். மதுரையில ஏறி உக்காந்தா ஒரு மணி நேரத்துல கொழும்பு. மேலூர்ல பஸ் ஏறி ஆரப்பாளையம் போய்ச் சேர சில நாள் அதைவிட நேரமாகுது.

மகள் தன்னோட பழைய காலேஜ் பையைக் கொடுத்தா. முதுகுல மாட்டுற பை. ரெண்டு வேட்டி, ரெண்டு சட்டை, ஒரு கைலி, துண்டு, பிரஷர் மாத்திரை, ஒரு டப்பா எள்ளுருண்டை. "அப்பா, வெள்ளைக்காரப் பசங்க மீனாட்சி கோயிலைச் சுத்துற மாதிரியே இருக்கீங்க"ன்னு சிரிச்சா.

டீக்கடையில சிரிக்கலை. "அந்த நாட்டுக்கா போற?"ன்னு ஒருத்தர் கேட்டார். 2009-ஐ எங்க பக்கம் யாரும் மறக்கலை, நானும் மறக்கலை. அவருக்குப் பதில் சொல்லாமத்தான் போனேன். போனதுக்குக் காரணம் கோயிலும் இல்லை, புத்தரும் இல்லை. எங்க கண்மாய்க் கூட்டத்துக்கு ஒரு தடவை பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆன இன்ஜினியர் ஒருத்தர் வந்திருந்தார். "உங்க கண்மாய்க்குக் கூடப் பிறந்ததெல்லாம் அனுராதபுரத்துல இருக்கு. ஒரு தடவை போய்ப் பாருங்க"ன்னார். அது மனசுல கிடந்துச்சு.

எங்க கண்மாய் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரியாத்துத் தண்ணி எட்டாத மழைக் கண்மாய் அது. மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சு கலுங்கு பாஞ்சா எங்களுக்கு வரும். நாங்க நிறைஞ்சா கீழ்க் கண்மாய்க்குப் போகும். எனக்குத் தலைமடையில ஒண்ணரை ஏக்கர். எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவருக்குக் கடைமடையில ஒரு ஏக்கர். அதைப் பின்னால சொல்றேன்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல ரயில் ஏறி அனுராதபுரத்துல இறங்கினேன். போர்டு எல்லாம் மூணு மொழியில இருக்கு, தமிழும் இருக்கு. அங்க வாடகைக்கு சைக்கிள் கொடுக்கிறாங்க. ஊர் முழுக்க சமதளம், மர நிழல். பதினெட்டு வயசுல மிதிச்ச மாதிரி மிதிச்சேன், மறுநாள் முட்டி சொல்லிக் காட்டுச்சு.

ஜேதவனாராமைன்னு ஒரு தூபி. மகாசேனன்கிற ராஜா ஆரம்பிச்சது, 1700 வருஷப் பழசு. முழுக்க செங்கல். கட்டினப்போ 122 மீட்டர் உயரம் இருந்துச்சாம். நம்ம மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சாலும் அதுக்குக் கீழதான். இப்போ இடிஞ்சு 71 மீட்டர் நிக்குது. அண்ணாந்து பார்த்து எனக்கு முதல்ல தோணினது, இதுக்கு எத்தனை சூளை போட்டிருப்பாங்க, எத்தனை வண்டி விறகு எரிஞ்சிருக்கும்னுதான். பக்தி அப்புறம்தான் வந்துச்சு.

ஆனா ஒரு விஷயம் கேளுங்க. இதே மகாசேனன்தான் மின்னேரியாக் குளத்தையும் வெட்டினது. அந்தப் பக்கத்து ஜனங்க அவரை மின்னேரி தெய்வம்னு கும்பிடுறாங்க. வானத்தை முட்டத் தூபி கட்டினவரைக் குளம் வெட்டினதுக்காகச் சாமி ஆக்கியிருக்காங்க. விவசாயிக்கு இது சரியாத்தான் படுது.

ஸ்ரீ மகாபோதி மரத்தைப் பார்க்கப் போனா வாசல்ல பையைத் திறந்து சோதிக்கிறாங்க. அசோகரோட மகள் கொண்டுவந்த கிளை வளர்ந்த மரம், 2200 வருஷத்துக்கு மேலாச்சு. 1985-ல விடுதலைப் புலிகள் இந்த ஊர்ல சுட்டதுல நூத்துக்கும் மேல சாதாரண ஜனங்க செத்துப்போனாங்க. இந்த மரத்தடியில கும்பிட வந்தவங்களும் அதுல உண்டு. சோதிச்ச பையன் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "மதுரை?"ன்னு கேட்டு, எள்ளுருண்டை டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துட்டுச் சிரிச்சு விட்டுட்டான். எனக்குத்தான் உள்ள போயும் கொஞ்ச நேரம் என்னமோ மாதிரி இருந்துச்சு. வெள்ளைச் சேலை கட்டின கிழவிங்க தாமரைப் பூவோட உக்காந்திருந்தாங்க. எங்க ஊர் கிழவிங்க மாதிரியேதான் உதடு அசையுது.

மிகிந்தலை மலையில நிறைய குகை. மழைத்தண்ணி உள்ள வழியாம பாறை நெத்தியில காடி வெட்டி, பிராமி எழுத்துல கல்வெட்டும் பொறிச்சிருக்காங்க. இதைப் பார்க்க நான் கடல் தாண்டி வந்திருக்க வேண்டாம். எங்க பக்கத்து மாங்குளம் மலையில நெடுஞ்செழியன் பேரோட இருக்கிறதும் இதே காடி, இதே எழுத்து. அங்க பௌத்தத் துறவி, இங்க சமணத் துறவி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாட்டுப் பழைய கல்வெட்டுகள்ல குளத்துக்கு உடமைக்காரன்னு பட்டம் போட்டுக்கிட்ட ஆளுங்களும் வர்றாங்களாம். நம்ம ஊர்லன்னா மீன் ஏலத்துக்கு மட்டும் கண்மாய்க்கு உடமைக்காரங்க வருவாங்க, கரை உடைஞ்சா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

நாலாம் நாள் கெக்கிராவை போய், அங்கேருந்து ஆட்டோவுல (அங்க த்ரீ வீலர்னு சொல்றாங்க) கலாவெவ குளம். டிரைவர் முஸ்லிம் தம்பி, தமிழ் பேசினார். கரையில ஏறி நின்னதும் எனக்குப் பேச்சு வரலை. எதிர்க்கரை தெரியலைங்க. 1500 வருஷத்துக்கு முன்னாடி தாதுசேனன்கிற ராஜா கட்டினது. இந்தக் குளத்துத் தண்ணி ஜயகங்கைன்னு ஒரு கால்வாய் வழியா 87 கிலோமீட்டர் ஓடி அனுராதபுரத்துத் திசா வெவக்குப் போகுது. அந்தக் கால்வாய்ல சில இடத்துல ஒரு கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்தான் வாட்டம். எங்க வரத்துக்கால் மூணு கிலோமீட்டர். போன தடவை ஜேசிபி வச்சுத் தூர் வாரினதுல நடுவுல பள்ளமாகி தண்ணி திரும்பி நிக்குது. கருவி எல்லாம் இருந்தும்.

தாதுசேனன் கதையை அந்தத் தம்பிதான் சொன்னார். மகன் காசியப்பன் அப்பனைச் சிறையில போட்டு, புதையலை எங்க வச்சிருக்கன்னு கேட்டானாம். குளத்துக்குக் கூட்டிட்டுப் போ காட்டுறேன்னு வந்த ராஜா, இறங்கிக் குளிச்சு, தண்ணியைக் கையில அள்ளி, என் சொத்து இவ்வளவுதான்னு சொல்லிட்டாராம். அப்பனைக் கொன்னுட்டு அந்த மகன் கட்டினதுதான் நீங்க படத்துல பார்க்கிற சிகிரியா. நான் சிகிரியாவுக்குப் போகலை. நேரம் இல்லைன்னு மகள்கிட்ட சொன்னேன். நிஜம் என்னன்னா, இந்தக் கதை கேட்டப்புறம் போக மனசு வரலை. பக்கத்துல அவுக்கண புத்தரைப் பார்த்தேன். ஒரே பாறையில ஏறக்குறைய 40 அடி, நின்ன திருக்கோலம். கூட்டமே இல்லை.

தம்பி எனக்குத் தெரிஞ்ச ஒரு கிராமம் இருக்கு, வாங்கன்னு கூட்டிட்டுப் போனார். சின்னக் குளம், எங்க கண்மாயில பாதி. கரையில மருத மரம். மேலக்குளம் நிறைஞ்சா அடுத்த குளம், அது நிறைஞ்சா அதுக்கடுத்ததுன்னு சங்கிலி மாதிரி, நம்ம ஏற்பாடேதான். ஆனா உள்வாய்க்கு மேல ஒரு மரக்கட்டு விட்டிருக்காங்க, வண்டலும் காத்தும் தடுக்க. கரைக்கும் வயலுக்கும் நடுவுலயும் ஒரு துண்டுக் காடு, உப்பை உறிஞ்சட்டும்னு. நம்ம பக்கம் அந்த ரெண்டு இடத்துலயும் என்ன இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலும் பிளாட்டும்.

குளத்தடியில வயசான பெரியவர் ஒருத்தர் வரப்பு வெட்டிட்டிருந்தார். அவர் மகனுக்கு என் வயசு இருக்கும். பேரன் ஓடிவந்து அந்த மகனைப் பார்த்து "தாத்தா, தாத்தா"ன்னான். எனக்குக் குழப்பம். சிங்களத்துல தாத்தான்னா அப்பாவாம், அய்யான்னா அண்ணனாம். அம்மாவும் அக்காவும் மாறலை.

பெரியவர் சிங்களத்துல பேச, தம்பி தமிழ்ல சொல்ல, ரெண்டு மணி நேரம் போச்சு. விளைச்சலைக் கேட்டேன். 2021-ல அரசாங்கம் ரசாயன உரத்தைத் திடீர்னு நிறுத்தின கதையைச் சொன்னார். அந்த நவம்பர்லயே தடையைத் தளர்த்திட்டாங்க, ஆனா அதுக்குள்ள நாத்து மஞ்சளாயிடுச்சுன்னு கையை விரிச்சார். நகரத்துல இருக்கிற நீங்க இயற்கை விவசாயம்தான் நல்லதுன்னு எனக்கு எழுதுறீங்க. நல்லதுதான். மண்ணுக்குப் பழக வருஷம் வேணும், உத்தரவு போட்டா பழகாது.

அப்புறம் தம்பி, "ஐயா, அவர் கேக்கிறார், தண்ணி குறைஞ்ச வருசம் உங்கட ஊர்ல என்ன செய்வீங்க எண்டு"ன்னார்.

நான் வாயைத் திறக்கலை. 2016 ஐப்பசி கார்த்திகையில மழை ஏமாத்துச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஜனவரியில தமிழ்நாட்டையே வறட்சி மாநிலம்னு அறிவிச்சாங்க. எங்க கண்மாயில கால்வாசித் தண்ணி. தலைமடைக்காரன் நான் பாய்ச்சினேன். அண்ணன் வயல் கதிர் வாங்குற நேரம் வெடிச்சுக் கிடந்துச்சு. ஒரு ராத்திரி அவர் மண்வெட்டியோட வந்து என் வாமடைக்குக் கீழ ஓடைய வெட்டி விட்டார். நான் டார்ச் லைட்டோட போய் அடைச்சேன். அவர் பார்த்துட்டே நின்னார். "ஒரே ஒரு தண்ணிடா"ன்னார். நான் அடைச்சுட்டு வந்துட்டேன். எனக்குப் பதினெட்டு மூடை. அவர் மாட்டை விட்டு மேய்ச்சார். அதோட பேச்சு நின்னுது. அவர் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரலை.

இதை எல்லாம் நான் சொல்லலை. "எங்க ஊர்ல முதல் மடைக்கு முதல் தண்ணி"ன்னு மட்டும் சொன்னேன்.

பெரியவர் குச்சி எடுத்து மண்ணுல கோடு போட்டார். போகம் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடிக் குளத்துத் தண்ணியைப் பார்ப்பாங்களாம். முழு வயலுக்கும் பத்தாதுன்னா, கரையை ஒட்டின மேல் வயலை மட்டும் பயிர் வைக்கிறது. ஆனா அது அந்த வயல்காரனுக்கு மட்டும் இல்லை. அந்தப் போகத்துக்கு மட்டும் அந்த வயலை எல்லாப் பங்குக்காரனுக்கும், அவனவன் நிலத்தோட அளவுக்குத் தக்கபடி பிரிச்சுக் கொடுத்துருவாங்க. கடைசி வயல்காரனும் அந்த வருஷம் கரையடியில வந்து நடுவான். அறுத்தப்புறம் அவனவன் வயல் அவனவனுக்கு. பெத்மன்னு பேரு.

"மேல் வயல்காரன் சம்மதிப்பானா?"ன்னு கேட்டேன். தம்பி அதைச் சிங்களத்துல கேட்டதும் பெரியவர் சிரிச்சார். "சண்டை வரும் எண்டு சொல்றார். ஒவ்வொரு முறையும் வருமாம். சண்டை போட்டுட்டுப் பிரிப்பாங்களாம்."

அவர் போட்ட கோட்டையே பார்த்துட்டிருந்தேன். எள்ளுருண்டை மிச்சம் இருந்ததைப் பேரன்கிட்ட கொடுத்துட்டு வந்தேன்.

அப்புறம் பொலன்னறுவைக்கும் போனேன். சோழர் கட்டின சிவன் கோயில் ஒண்ணு கல்லாலேயே இருக்கு, வானவன்மாதேவி ஈச்சரம்னு பேரு, சுவர்ல தமிழ்க் கல்வெட்டு. பராக்கிரமபாகு பெருசாக்கின பராக்கிரம சமுத்திரமும் பார்த்தேன். அந்த ராஜாவோட படை மதுரை வரைக்கும் வந்து பாண்டியன் சண்டையில புகுந்த கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதுவும் பங்காளிச் சண்டைதான், குலசேகர பாண்டியனுக்கும் பராக்கிரம பாண்டியனுக்கும். கல் விகாரைல படுத்திருக்கிற புத்தரையும் பார்த்தேன். எல்லாம் அழகுதான். எனக்கு மண்ணுல போட்ட கோடுதான் கண்ணுக்குள்ள இருந்துச்சு.

ஊருக்கு வந்த மூணாம் நாள், ஒரு பாக்கெட் சிலோன் தேயிலையை எடுத்துட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி ஒரு நிமிஷம் வாசல்லயே நின்னாங்க, அப்புறம் செம்புல தண்ணி கொண்டுவந்தாங்க. அண்ணன் கட்டில்ல உக்காந்திருந்தார். ஊர்க்கதை மாதிரிதான் சொன்னேன். மகாபோதி, தூபி, குளம், அப்புறம் அந்தப் பெரியவர். அண்ணன் தரையைப் பார்த்துட்டே கேட்டார்.

"மேல வயல்காரன் ஒத்துக்கிட்டானா?"

"சண்டை போட்டு ஒத்துக்குவாங்களாம்ணே."

"நீ ஒத்துக்குவியா?"

கணக்கை நான் விமானத்துலயே போட்டு வச்சிருந்தேன். "என்னோடது ஒண்ணரை, உங்களோடது ஒண்ணு. கண்மாய் பாதிகூட நிறையலைன்னா, என் வயல்ல அறுபது சென்ட் அந்தப் போகத்துக்கு நீங்க வைங்கண்ணே. நிறைஞ்சா அவரவர் வயல்."

அவர் ஒண்ணும் சொல்லலை. "டீயைக் குடி"ன்னார். அந்தத் தேயிலையைப் போடலை, வீட்டுல இருந்த தூள்தான்.

ஆடியில கண்மாய்க் கூட்டத்துல இதை எடுத்தேன். சிரிச்சாங்க. "பட்டா என் பேர்ல, தீர்வை நான் கட்டுறேன், உழவு மட்டும் ஊருக்கா?"ன்னு தலைமடைக்காரர் ஒருத்தர் கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. 2016-ல நான் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் அது.

இன்னைக்குக் கார்த்திகை பிறந்து ஆறு நாள். கண்மாய் பாதிக்குக் கீழதான் நிக்குது. வியாழக்கிழமை காலையில நான் வயலுக்குப் போனப்போ அண்ணன் எனக்கு முன்னாடியே வந்து வரப்புல நடந்துட்டிருந்தார். மூலைக்கு மூலை காலடி வச்சு அளந்தார். அப்புறம் என்கிட்ட வந்து, "அந்த வடக்கு மூலை பள்ளம், தண்ணி தேங்கி வேர் அழுகும். எனக்கு அது வேண்டாம், கிழக்கால பக்கத்தைக் கொடு"ன்னார்.

கிழக்காலதான் என் நல்ல மண்ணு. கொஞ்ச நேரம் வாக்குவாதம் பண்ணினோம். நாத்தாங்கால்ல இருந்த ஆளுங்க வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்த்தாங்க. கிழக்கு அவருக்கு, வடக்கு எனக்குன்னு முடிஞ்சுது. நாளைக்கு நடவு.