ரோலாவில் புலி கட்டிய வெள்ளிக்கிழமைகள்

ஆடுபுலி ஆட்டம் ஒரு முழுமையான போர் விளையாட்டு என்பது எனக்கு ஷார்ஜாவில்தான் புரிந்தது. ஊரில் அது கோயில் மண்டபத் தரையில் யாரோ எப்போதோ செதுக்கிவிட்டுப் போன கோடுகள். மழைக்கு ஒதுங்கிய பெரியவர்கள் புளியங்கொட்டையை வைத்து ஆடுவார்கள். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேனே தவிர, யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வைத்தவை தொண்ணூறுகளில் ரோலாவின் பின்தெரு ஒன்றில், இரண்டடுக்குக் கட்டில்கள் நெருக்கிப் போட்ட ஒரு பேச்சிலர் ரூமில் கழிந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள்.

ரோலா என்ற பெயரே ஓர் ஆலமரத்தால் வந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். பெருநாளுக்கு அதில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்களாம். நாங்கள் போவதற்கு வெகுமுன்பே, 1978இல், மரம் வீழ்ந்துவிட்டது. சதுக்கத்தில் அதன் நினைவுச்சின்னம்தான் நின்றது. ஆனால் ஆலமரத்தடிக்கு வருவதுபோலத்தான் அந்த வட்டாரத்துக்கு வெள்ளிக்கிழமை கூட்டம் வரும். அஜ்மானிலிருந்தும் சோனாப்பூர் கேம்ப்களிலிருந்தும் வந்த நம் ஆட்கள் பூங்காப் புல்லில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே விடுமுறை அதுதான். காலையில் துணி துவைப்பு, நடுப்பகலில் ஜும்மா, திரும்பி வந்தால் மெஸ்ஸில் பிரியாணி. மூன்று மணிக்கு மேல் பலகை விரியும்.

பலகை என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது உண்மையில் ஒரு டிரேசிங் பிலிம். நான் ஒரு கட்டடக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். வீணான ஒரு பிலிம் துண்டில் ராட்ரிங் பேனாவால் கோடுகளை அளந்து போட்டு, கார்கோ பெட்டியின் அட்டையில் ஒட்டினேன். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் சரிந்து இறங்கி அடிக்கோட்டில் நான்கு புள்ளிகளைத் தொடும். இடையில் மூன்று குறுக்குக் கோடுகள், இரு பக்கமும் சிறகுபோல நீண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள். ஆக 23. புலி 3, ஆடு 15. தண்ணீர் பாட்டில் மூடிகள் புலிகள், பேரீச்சங்கொட்டைகள் ஆடுகள். ஆடு ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி முதலிலிருந்தே நகரலாம், ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

பக்கத்து அறைகளில் எல்லாம் கேரம்தான் ஓடியது. போரிக் பவுடர் மணக்க, ஸ்ட்ரைக்கர் சத்தம் சுவரைத் தாண்டி வரும். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தபோது அந்த அறைகளில் இனிப்பு கொடுத்தார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கேரமில் விரல் பேச வேண்டும். வாரம் முழுக்கக் கையால் உழைத்தவர்களில் சிலருக்கு வெள்ளிக்கிழமையாவது மூளைக்கு வேலை தேவைப்பட்டது. அப்படிப்பட்டவர்கள் எங்கள் அறைக்கு வந்தார்கள்: கீழக்கரையைச் சேர்ந்த தையல்காரர் ஒருவர், எல்லாருக்கும் அவர் பாய், திருச்சி எலக்ட்ரீஷியன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆளான குவைத் அண்ணன். குவைத்தில் முன்பு இருந்ததால் வந்த பெயர் அது.

சில மாதங்களில் பழைய ஆட்டம் எங்களுக்குத் தீர்ந்துபோனது. நிதானமாக ஆடுகிறவர் கையில் ஆடு இருந்தால் புலி அடைபடும் என்று எங்கள் அறையில் உறுதியாகிவிட்டது. ஆடுகளைச் சிறகுப் புள்ளிகளில் ஒதுக்கி இறக்கி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்தினால் தாண்ட இடமே இருக்காது. அப்போதுதான் பாய் சொன்னார்: “சட்டத்த மாத்திப் பாப்போம் தம்பி. மாத்துறதுன்னா சும்மா மாத்தக் கூடாது. ஆடிப் பாத்துட்டுத்தான் வச்சுக்கணும்.”

அந்தப் பேச்சிலிருந்து எல்லாம் தொடங்கியது. கம்பெனி கொடுத்த இலவச டைரி ஒன்றைப் பாய் அதற்கென்றே ஒதுக்கினார். சட்டம் மாற்றிய ஒவ்வோர் ஆட்டத்தையும் களம் என்றோம்; ஒவ்வொரு புதிய களத்துக்கும் ஒரு பக்கம். ஒரே இரண்டு பேர் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் சட்டத்தைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் பாய் சொல்வதே தீர்ப்பு. இதே முறையில் ஐரோப்பாவில் படைகளே பயிற்சி செய்திருக்கின்றன என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 1812இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் தம் அரசருக்காக ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்தார். அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி, 1824இல் விதிகளை வகுத்து அச்சிட்டார். அங்கேயும் நடுவர் ஒருவர் உண்டு, பகடை உண்டு. படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, கழுத்தில் அளவு டேப் தொங்க, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டைரியைப் புரட்டும் பாயின் முகம்.

முதல் களம் தூசிக்காற்று. திருநெல்வேலித் தம்பியின் யோசனை. லூடோ பகடையை உருட்டி ஆறு விழுந்தால் அந்தச் சுற்றில் புலி தாண்டக் கூடாது, கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம். கேட்க அழகாக இருந்தது. ஆடிப் பார்த்தால் சரிவரவில்லை. ஐந்து நகர்வு யோசித்துப் புலிக்கு வழி திறந்து வைத்தவர் ஒரு பகடையில் தோற்றால், அடுத்த முறை யோசிக்கவே மாட்டார். பாய் அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டுவிட்டார். தம்பிக்கு வருத்தம்தான், ஆனால் அன்றிரவு அவனே அதைச் சரி என்று ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது களம் கிணறு. நடுக்கோட்டில் இரண்டு புள்ளிகளைக் கிணறு என்று வைத்தோம். பத்து நகர்வுக்குள் கிணற்றைத் தொடாத புலி, தொடாத குற்றத்துக்கு மூன்று சுற்று அசையாமல் நிற்க வேண்டும். முதல் வாரம் எலக்ட்ரீஷியன் இரண்டு கிணற்றிலும் ஆட்டை நிறுத்தி, பின்னால் காவலும் வைத்து, கால்மணி நேரத்தில் ஆட்டத்தை முடித்தார். கிணற்றில் ஆடு ஒரு சுற்றுக்கு மேல் நிற்கக் கூடாது என்று அடுத்த வாரம் திருத்தினோம். திருத்தியதும் ஆட்டமே வேறாகிவிட்டது. புலி எங்கே வரும் என்று தெரியும், எப்போது வரும் என்று தெரியாது. ஆட்டுக்காரர் கிணற்றைச் சுற்றி வலை விரிக்க வேண்டும், ஆனால் கிணற்றிலேயே நிற்க முடியாது. எங்கள் டைரியில் மிகச் சிறந்த களம் அது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். பாலைவனத்தில் உட்கார்ந்து யோசித்ததால்தான் தண்ணீர் வந்ததோ என்னவோ.

அரபு மண்ணுக்கும் பலகை ஆட்டமும் இப்படிக் களம் அமைப்பதும் புதிதல்ல. சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு நாட்டுக்குப் போய் ஷத்ரஞ்ச் ஆன பிறகு, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் அல் அத்லி அதைப் பற்றி நூல் எழுதினார். பத்தாம் நூற்றாண்டின் அஸ் ஸூலி புதிர்நிலைகளை அமைத்தார். பாதியில் நிற்கும் ஆட்டம், இன்னார் இத்தனை நகர்வில் ஜெயிக்க வேண்டும் என்பது போன்ற அந்தப் புதிர்களுக்கு மன்ஸூபா என்று பெயர். கத்தாரின் வடகிழக்குக் கரையில் அல் ஜஸ்ஸாஸியா பாறைகளில் ஏறத்தாழ 900 செதுக்கல்கள் உள்ளன. அவற்றில் பல, இரண்டு வரிசையாக ஏழு ஏழு குழிகள். காலமும் பயனும் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பல்லாங்குழி ஆடிய வீட்டில் வளர்ந்த எவரும் அதைப் பார்த்த கணத்தில் எண்ணத் தொடங்கிவிடுவார். 1986இல் துபாயில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது உலகமே அங்கே வந்து உட்கார்ந்து ஆடியது. எங்கள் அட்டையும் அந்த நீண்ட வரிசையில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது களத்தைக் கொண்டுவந்தவர் குவைத் அண்ணன். அதிகம் பேசாதவர். ஒருநாள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் புலிய அடைக்கிறதையே யோசிக்கிறீங்க. ஆட்டுக்குப் புலிய அடைக்கிறதா வேலை? வெளிய போயி சேர்றதுதான் வேலை.”

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி இராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே ஒரு கிடங்கில் இருந்தார். பாஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லைக் கூடாரங்கள், அம்மான், பிறகு பம்பாய் என்று வந்தவர்களில் ஒருவர். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை ஏர் இந்தியா விமானங்கள் அம்மானுக்கும் பம்பாய்க்கும் பறந்துகொண்டே இருந்தன. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படி ஊர் சேர்ந்தார்கள். வெறுங்கையோடு வந்த பலர், சில ஆண்டுகளில் மறுபடி வளைகுடாவுக்கே விசா தேடிக் கிளம்பினார்கள். அண்ணனும் அப்படித்தான் ஷார்ஜாவுக்கு வந்தார்.

அவர் வைத்த சட்டம் இது. ஆடுகள் உச்சிப் புள்ளியிலும் முதல் குறுக்குக் கோட்டிலும் மட்டும் இறங்கும். புலிகள் மூன்றும் நடுக்கோட்டில் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஆட்டுக்காரர் ஓர் ஆட்டை இறக்கலாம், அல்லது இறங்கிய ஒன்றை நகர்த்தலாம். பதினைந்தும் இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அடிக்கோட்டின் நான்கு புள்ளிகள் வாசல். அங்கே சேர்ந்த ஆடு அடுத்த முறை பலகையை விட்டு வெளியேறும். புலியை அடைத்தால் பயன் இல்லை. எத்தனை ஆடு வெளியேறியது என்பதே கணக்கு. அந்தக் களத்துக்கு அவரே அம்மான் என்று பெயர் வைத்தார்.

ஆடிப் பார்த்ததில் முதலில் தெரிந்தது, முன்னால் போகிற ஆட்டுக்கு ஆபத்து குறைவு என்பது. அதன் பின்னால் இன்னொன்று நிற்கும்வரை புலி தாண்ட முடியாது. கடைசியில் வருகிறவைதான் மாட்டும். ஒவ்வொன்று வெளியேறும்போதும் மிச்சம் இருப்பவற்றின் காவல் ஒன்று குறைகிறது. பதினைந்தையும் காப்பாற்றிய ஆட்டத்தை எங்கள் அறையில் யாரும் ஆடியதில்லை. ஆகவே ஆட்டுக்காரர் தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: எவை பின்னால் நிற்கப் போகின்றன? எலக்ட்ரீஷியன் நடுவிலுள்ளவற்றைத் துணிந்து பலி கொடுத்து மற்றவற்றை வேகமாக ஓட்டுவார். பாய் சிறகு வழியாக மெதுவாகச் சுற்றிக் கூட்டிவருவார். குவைத் அண்ணன் ஆடும்போது வெளியேறத் தயாராக வாசலில் நிற்கும் ஆட்டைக்கூட மேலே திரும்பக் கொண்டுபோவார், பின்னால் வருகிறதற்குத் துணையாக. அதனால் பல முறை தோற்றார். ஏன் அப்படி ஆடுகிறார் என்று ஒரு தடவை தம்பி கேட்டான். பேருந்தில் இடம் கிடைத்தபோது குடும்பக்காரர்களை முதலில் ஏற்றிவிட்டோம் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

என் கணிப்பில், அம்மான் களத்தில் ஒரு குறை இருந்தது. புலிக்காரர் மூன்றையும் வாசலருகே குவித்துக் காத்திருந்தால் ஆட்டம் உறைந்துவிடும். இரு பக்கமும் சும்மா நகர்ந்து நேரம் கடத்துவார்கள். ஒரே சமயத்தில் அடிக்கோட்டில் ஒரு புலிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற திருத்தத்தை நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது பதற்றமும் கருணையும் கலந்த ஒரு களமாயிற்று. வெட்டப்பட்ட கொட்டையைப் பலகை ஓரத்தில் வைக்கும்போது யாரும் கைதட்டாத ஒரே ஆட்டம் அது.

எத்தனை வெளியேறினால் ஆட்டுக்கு வெற்றி என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. எட்டு என்றால் ஆடு எளிதாக ஜெயித்தது. ஒன்பது என்றால் புலி பக்கம் சாய்ந்தது. அதைத் தீர்ப்பதற்குள் அறை கலைந்தது.

கலைந்ததற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பாய்க்குப் பார்வை மங்கியது, ஊருக்குப் போனார். டைரி அவர் பெட்டியோடு போனது. கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கியபின் டிரேசிங் பிலிமும் ராட்ரிங் பேனாவும் என் மேசையை விட்டுப் போயின. தம்பி அபுதாபிக்கு மாறினான். 2008 நெருக்கடியில் எலக்ட்ரீஷியனின் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு வெள்ளிக்கிழமையே இடம் மாறியது. 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் வைத்துக்கொண்டது. தனியார் கம்பெனிகளில் பலருக்கு இப்போது ஞாயிறுதான் ஓய்வு. ஷார்ஜாவில் இருப்பவருக்கு ஒருநாள், துபாயில் வேலை செய்பவருக்கு இன்னொரு நாள். நான்கு பேர் ஒரே பிற்பகலில் ஓர் அட்டையைச் சுற்றி உட்கார்வது அரிதாகிவிட்டது. ரூமில் இருக்கும் பிள்ளைகள் கட்டிலில் படுத்தபடி செல்லில் வேறு நாட்டுக்காரனோடு போர் ஆடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எதிரில் இருப்பவரின் விரல் ஒரு காயின் மேல் தயங்கி நிற்பதைப் பார்க்கும் சுகம் அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இருக்கிறது.

குவைத் அண்ணன் இப்போது இல்லை. அவருடைய களம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை; ஆடியவர்களும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். அதனால்தான் சட்டத்தை இங்கே முழுதாக எழுதினேன். ஆடிப் பார்க்கிறவர்கள் எட்டில் தொடங்குங்கள், பக்கம் மாற்றி ஆடுங்கள், நகர்வுகளைக் குறித்து வையுங்கள். எட்டு சுலபமாக இருந்தால், ஒன்பது வைத்துக்கொண்டு புலிகளில் ஒன்றை உச்சியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பாய் கடைசியாகச் சொன்ன திருத்தம் அது. நாங்கள் அதை ஆடிப் பார்க்கவில்லை.