திங்கட்கிழமை மேட்னி

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஆபீஸில் ஃபைல் நகராது. செல்போன்தான் நகரும். "புக்கிங் பட்டையைக் கிளப்புது சார்" என்பார் கேஷியர். "செகண்ட் ஹாஃப் இழுவையாம்" என்பார், படமே பார்க்காத டெஸ்பாட்ச் ஆசாமி. ஞாயிறு ராத்திரிக்குள் போஸ்டரில் ஒரு பெரிய கோடி ஏறிவிடும். பணம் யாருக்குப் போகிறதோ, பங்குதாரர் மாதிரி நமக்கொரு பூரிப்பு!

என் மாமா மட்டும் இதற்கெல்லாம் அசையமாட்டார். "மாப்ளே, வெள்ளி சனி ஞாயிறு வர்ற கூட்டம் ஹீரோவுக்கு வர்றது. திங்கக்கிழமை மேட்னிக்கு வர்ற கூட்டம்தான் படத்துக்கு வர்றது" என்பார்.

சொல்லத் தகுதி உள்ளவர். விநியோகஸ்தர் தரப்பு 'ரெப்'பாக ஊர் ஊராகப் போனவர். படப்பெட்டியோடு போய் இறங்கி, டிக்கெட் கட்டின் முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் குறித்துக்கொண்டு, தலை எண்ணி, ராத்திரி டி.சி.ஆர். எழுதி அனுப்பவேண்டும். முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பங்கு அதிகம். வாரம் ஏற ஏற தியேட்டர்காரர் கை ஓங்கும். அதனால் ஓடுகிற படத்தைத் தூக்க அவருக்கு மனசு வராது. ஆனால் வசூல் பேசிவைத்த 'ஹோல்ட் ஓவர்' தொகைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈவு இரக்கம் கிடையாது. வெள்ளிக்கிழமை வேறு படம்!

இவ்வளவு தெரிந்த மாமாவே ஒருதடவை வழுக்கி விழுந்தார்.

1991 தீபாவளி. நவம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் 'தளபதி'யும் 'குணா'வும். இரண்டுக்கும் இளையராஜாதான் இசை. எங்கள் ஊரில் 'தளபதி' தியேட்டர் வாசலில் லத்தி சுழன்றது. எதிர்த்த தெரு 'குணா'வில் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. மாமா அதை மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரெப் என்பவன் தலையை எண்ணணும், படத்தைப் பார்த்து அழக்கூடாது!

அடுத்த பொங்கலுக்குப் பிறகு இரண்டு பேரோடு கூட்டு சேர்ந்து, பக்கத்து ஊரில் ஓட்ட 'குணா' பெட்டியை எடுத்தார். அத்தையின் மூன்று பவுன் செயின் அடகுக்கடைக்குப் போனது. வெள்ளி, சனி, ஞாயிறு சுமார். திங்கட்கிழமை மேட்னிக்கு பதினேழு பேர். அதில் நானும் மாமாவும் ஓசி. செயின் முழுகிப்போனது. அதன்பின் அத்தை முன்னால் டி.வி.யில் அந்தப் படம் வந்தால் யாராவது சேனலை மாற்றிவிடுவோம்.

வருஷம் 32 ஓடியது. 2024 பிப்ரவரி 22-ம் தேதி 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. மலையாளப் படம், டப்பிங்கூட இல்லை. கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் நிஜமாகவே விழுந்த ஒரு பையனும், காப்பாற்றிய நண்பர்களும்தான் கதை. 'குணா' படம் எடுத்ததால்தான் அந்தக் குகைக்கே அந்தப் பெயர். மார்ச் முதல் தேதி புதுத் தமிழ்ப் படங்கள் வந்தும் இதற்குக் காட்சி குறையவில்லை, கூடியது! கடைசியில் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூல். எந்த மலையாளப் படமும் இங்கே அதற்குமுன் அதைத் தொட்டதில்லை.

மாமாவுக்கு போன் போட்டேன். "திங்கக்கிழமை மேட்னிக்கு எடு. அத்தைக்கும் சேர்த்து" என்றார். மார்ச் 4-ம் தேதி, ஆபீஸுக்கு வயிற்றுவலி. (மானேஜர் இதைப் படிக்கவேண்டாம்.)

மாமா சீட்டில் உட்காரவே இல்லை. திரும்பி நின்று வரிசை வரிசையாக எண்ணினார். பழைய புத்தி! "ஃபுல்லுடா மாப்ளே..." என்றார், குரல் கம்மி.

கடைசியில் அந்தக் குழியிலிருந்து பையனைத் தூக்கும்போது 'குணா' பாட்டு ஒலித்தது. பாதிப் பேர் அந்தப் படம் வந்தபோது பிறந்தே இருக்கமாட்டார்கள். அவ்வளவு பேரும் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். மாமா வழக்கம்போல கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் அத்தையும் முந்தானையை எடுத்ததை நான் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மாமா மெதுவாக, "நான் அன்னிக்கே சொன்னேன், நல்ல படம்னு" என்றார்.

"நல்ல படம்தாங்க. யாரு இல்லைன்னா?" என்றாள் அத்தை. "இந்தக் கூட்டம் அந்தத் திங்கக்கிழமையே வந்திருந்தா, என் கழுத்து இப்படி மொட்டையா இருக்காது. அவ்வளவுதான்!"

32 வருஷத்துக்குப் பிறகு அந்தச் செயினைப் பற்றி அத்தை சிரித்துக்கொண்டே பேசியது அன்றைக்குத்தான். எந்த டி.சி.ஆரிலும் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது.