தாம்பூலப் பையில் யார் பேர்?

"தோழர், அம்மா வீட்டிலேயே பை தைக்கிறாங்க. இன்ஸ்டாவுல ஒரு பேஜ் போட்டா விக்குமா?" இப்படிக் கேட்கும் மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள். விற்கும். பேஜ் போடுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவை இரண்டு: விலையை யார் வைப்பது, பேரை யார் வைப்பது.

என் அக்கா தண்டையார்பேட்டையில் இருக்கிறார். பதினைந்து வருஷம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு உள்பாவாடையும் நைட்டியும் தைத்தார். வெட்டிய துணியை ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். பீஸ் கணக்கில் கூலி. நூல் அக்காவுடையது, கரண்ட் அக்காவுடையது, ஊசி உடைந்தால் அதுவும் அக்காவுடையது. தையல் கோணினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். தான் தைத்த பாவாடை எந்தக் கடையில் என்ன விலைக்குத் தொங்குகிறது என்பது மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாடு நம் ஏரியாவுக்குப் புதுசு இல்லை. திருவொற்றியூர் பக்கத்துக் காலடிப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே ஒரு வெள்ளைக்காரரால்தான். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. குடியமர்த்தியவன் பேர் ஊருக்கு. மெட்ராஸ் என்ற ஊர்ப் பேர் உலகச் சந்தையில் ஒரு துணிக்கு. நெய்தவர் பேர் எங்கே?

வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் மற்ற கூலித் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. அக்காவைக் கேட்டால், "நான் இன்னா தொழிலாளியா? வீட்ல சும்மாதான கீறேன்" என்பார். சும்மா என்கிற அந்தச் சொல்லில்தான் ஏஜெண்டின் லாபம் இருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை கேட்டு ஆள் வர ஆரம்பித்தபோது அக்கா மூட்டையை நிறுத்திவிட்டுத் தாம்பூலப் பைக்கு மாறினார். பாரிமுனை கொடவுன் தெருவில் காடா துணி எடுத்து, மணமக்கள் பேரை வெளியே ஸ்கிரீன் பிரிண்டிங் கொடுத்து, வீட்டில் தைப்பது.

முதல் ஆர்டருக்கு விலை சொல்லும்போது துணிக்கும் பிரிண்டுக்கும் மேலே இரண்டு ரூபாய் வைத்தார். நம் பெண்கள் எல்லாரும் செய்வது இதுதான். உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பைக்குத் துணி 8 ரூபாய், பிரிண்ட் 3, நாடாவும் நூலும் 2. இதோடு நிறுத்தினால் 13 ரூபாய். ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பை தைக்கிறார், அந்த ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய் கூலி என்றால் பைக்கு 6 சேரும். கரண்ட், மிஷின் சர்வீஸ், ஆட்டோ, வீணாகும் துணி எல்லாம் சேர்த்து இன்னொரு 2. ஆக 21. இதற்கு மேல் வைப்பதுதான் லாபம். 15 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு பைக்கும் 6 ரூபாயைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்று அர்த்தம். பேஜ் பெரிதாகி ஆயிரம் பை விற்றால் நஷ்டமும் ஆயிரம் மடங்கு. அம்மாவுக்கு லோகோ வரைந்து கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு நோட்டில் போட்டுக் கொடுங்கள்.

சரி, கணக்கு சரியாகிவிட்டது, பையும் நன்றாக இருக்கிறது. அப்புறம்?

ஒரு கல்யாண வீட்டார் வாட்ஸ்அப்பில் மாதிரி பார்த்து முந்நூறு பை கேட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்க நேரிலேயே வந்தார்கள். தெருமுனையில் புரட்சியாளர் சிலை, நீலக்கொடி, அதைத் தாண்டி அக்கா வீடு. உள்ளே வரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் பிறகு போனை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம் அக்கா தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில் நின்று டெலிவரி கொடுக்க ஆரம்பித்தார். வாட்ஸ்அப் டிபியில் இருந்த அம்பேத்கர் படம் போய் ஒரு ரோஜாப்பூ வந்தது.

அம்பேத்கருக்கே இது நடந்திருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள், தொழிலும் நின்றது. அவ்வளவு படிப்புக்கே அந்தக் கதி என்றால் தாம்பூலப் பை எம்மாத்திரம்?

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. சுதீர் ராஜ்பர் என்கிற ஓவியர் மும்பையில் 'சமார் ஸ்டுடியோ' தொடங்கினார். மகாராஷ்டிராவில் 2015-இல் மாட்டிறைச்சித் தடை கடுமையானபோது தாராவியின் தோல் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து பழைய ரப்பரில் பை செய்தார். எந்தச் சொல்லை வசவாக வீசினார்களோ அதையே பிராண்ட் ஆக்கினார். அந்தப் பைகளுக்கு இன்று வெளிநாட்டிலும் மரியாதை.

இதை அக்காவிடம் சொன்னேன். "ஒனக்குக் கொள்கைடா. எனக்கு வாரா வாரம் குழு டியூ" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிசைனர் பை வாங்குகிறவர் அதன் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். தாம்பூலப் பை வாங்குகிறவர் சடங்குக்கு வாங்குகிறார், சடங்கு இருக்கும் இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கும். கடனில் மிஷின் ஓட்டும் பெண்ணிடம் போய் உன் பையில் கொடியை ஏற்று என்று உத்தரவு போட நமக்கு உரிமை இல்லை. எப்போது சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

கடன் என்றதும் ஒரு விஷயம். ஒன்றியத்தின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலைக் கேட்டதால் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், சாதிக் கேள்வி இல்லை, 35 வயது ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) மானியம். பெரிதாகச் செய்ய நினைக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம். இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். ஃபார்ம் நிரப்ப நீங்கள் கூடப் போங்கள், அது லோகோவைவிடப் பெரிய உதவி.

இப்போது அக்காவின் பெரிய ஆர்டர்கள் நம் வீட்டுக் கல்யாணங்களிலிருந்து வருகின்றன. ஏப்ரல் 14-க்கு நீலப் பை தனியாகத் தைக்கிறார், அதில் முகவரியோடு பேர் உண்டு. ஒரே குறை, அந்த வாடிக்கையாளர்கள் நாமே. கருத்தரங்குக்கு இருநூறு பை வேண்டும் என்பார்கள், "இயக்கத்துக்குத்தானேக்கா" என்று 21 ரூபாய்ப் பையை 12-க்குக் கேட்பார்கள், மேடையில் உழைப்புச் சுரண்டல் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், பாக்கியை அடுத்த கருத்தரங்குக்குத் தள்ளுவார்கள். அக்காவின் நோட்டில் அப்படி மூன்று பேர் கணக்கு இருக்கிறது. பேர் போட மாட்டேன். இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும், கூகுள் பே நம்பரும் அவர்களிடம் இருக்கிறது.