தியாகதுருகத்தில் வாங்கிய மூச்சு

சேலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே நெடுஞ்சாலையில் செல்கிறவர்களைத் தியாகதுருகத்துக் குன்று தூரத்திலிருந்தே வாவென்று அழைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையினரும் போட்டியிட்ட கோட்டை அதன்மேல் இருக்கிறது. 1790-இல் திப்பு சுல்தான் முற்றுகையிட்டும் அது வசப்படவில்லை. அப்பேர்ப்பட்ட கோட்டையை ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று நாங்கள் புறப்பட்டோம். பாதி வழியிலேயே எங்கள் மூச்சு சரணாகதி அடைந்துவிட்டது!

உடன் வந்த பெரியவர் மட்டும் நிதானமாக ஏறி வந்தார். 2021-இல் கொரோனாவினால் நுரையீரல் பழுதுபட்டு, வீட்டு வாசற்படி ஏறவே திணறியவர் அவர்.

“இது என்ன சித்து, ஐயா?” என்று கேட்டோம்.

“சித்துமில்லை, மந்திரமுமில்லை. மறு வருஷம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தபோது, பூங்காவில் சீனக் கிழவர்களிடம் கற்றுக்கொண்டது. வைத்தியரைக் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன், மருந்தையும் விடவில்லை.”

பாறைமேல் நின்று செய்தும் காட்டினார். மூச்சை மெல்ல இழுத்தபடி, வானத்தைத் தாங்குவதுபோல் இரு கைகளையும் உயர்த்தினார். அதைவிட மெல்ல மூச்சை விட்டபடி இறக்கினார். பிறகு, கண்ணுக்குத் தெரியாத வில்லொன்றை இடமும் வலமும் வளைத்தார். எட்டு அசைவுகள் கொண்ட இந்த அப்பியாசத்துக்குச் சீனத்தில் ‘பாதுவான்ஜின்’, அதாவது ‘எட்டுத் துண்டுப் பட்டு’ என்று பெயர். வயிறு எழுந்து தாழ ஆழ்ந்து சுவாசிப்பதால் உதரவிதானம் நன்கு வேலை செய்கிறது. வெளிமூச்சு நீளும்போது இருதயத் துடிப்பு நிதானப்படுகிறது.

“நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கற்றுக்கொடுத்ததுதானே!” என்று எங்களில் ஒருவர் மார்தட்டினார்.

பெரியவர் சிரித்தார். போதிதர்மர் சீனம் சென்றதாகச் சொல்வது கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில். மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையொன்றை 1970-களில் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுச் சீலையிலேயே இத்தகைய அப்பியாசம் செய்யும் 44 உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன!

“நமக்கும் திருமூலர் பிராணாயாமம் சொல்லி வைத்திருக்கிறார். யாருக்கு யார் குரு என்ற வழக்கு எதற்கு? அவர்கள் விடியற்காலையில் எழுந்து செய்கிறார்கள், நாம் புத்தகத்துக்குப் பொட்டு வைத்துப் பூஜை செய்கிறோம்” என்றார்.

பதில் சொல்ல எங்களிடம் மூச்சு இல்லை. அவர் சொன்னபடி, அடிகளை எண்ணிச் சுவாசித்து மெல்ல ஏறினோம். உச்சியில் நின்றபோது, மேற்கே கல்வராயன் மலை நீலமாய்த் தெரிந்தது. பெரியவர் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி ஒரு மலை ஏறுவேன் என்று அப்போது நான் நினைக்கவில்லை” என்றார்.

மறுநாள் காலையில் எங்களில் எத்தனை பேர் எழுந்து கையைத் தூக்கினோம் என்று மட்டும் நேயர்கள் கேட்கக் கூடாது!