ஒரு மீட்டர், இரண்டு அடுப்பு

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஓர் அண்ணன், தம்பி. நிலம் ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று பாகம் பிரிந்து பல வருடம் ஆகிறது. மஞ்சள், கரும்பு, இரண்டு மூன்று கறவை மாடு என்று அவரவர் பாடு அவரவருக்கு. அடுப்பும் தனித்தனிதான். வீடு மட்டும் அப்பா கட்டியது. நடுவில் ஒரு சுவர் வைத்து இருபுறமும் குடியிருக்கிறார்கள். கரண்ட் மீட்டர் ஒன்றே ஒன்று. பில் வந்தால் ஆளுக்குப் பாதி. ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் வந்தவரை அதில் ஒரு பேச்சும் எழவில்லை.

பிறகு தம்பி வீட்டில் ஏ.சி. மாட்டினார்கள். முதல் கோடையில் அண்ணன் வாய் திறக்காமல் பாதியைக் கொடுத்துவிட்டார். அடுத்த கோடையில் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடி, 3,258 ரூபாய் பில் வந்தது. பாதி என்றால் 1,629. "எங்க பக்கம் ஓடறது ரெண்டு ஃபேன், ஒரு டி.வி. அதுக்கு இவ்வளவா?" என்று அண்ணன் மனைவி கேட்டுவிட்டார். அன்றோடு சுவருக்கு மேல் குழம்புக் கிண்ணம் போய் வருவது நின்றது. பணம் சில நூறுதான். ஆனால் நிலம் பிரித்தபோதுகூட வராத மனக்கசப்பு இதில் வந்தது.

கணக்குப் போட உட்கார்ந்தது கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள். முதலில் அவள் தன் வீட்டையே கணக்கெடுத்தாள். 75 வாட் ஃபேன் இரண்டு, நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் 2.1 யூனிட், அறுபது நாளுக்கு 126. விளக்கு, டி.வி., மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சேர்த்து 170 தாண்டாது. ஏ.சி. வருவதற்கு முன் வீட்டுக்கே 380 யூனிட் என்பதால், பழைய பாதிக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கிறது.

யூனிட் 380-லிருந்து 640 ஆனால் பில் இரண்டு மடங்குகூட ஆகக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே மூன்று மடங்கு ஆனது. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அந்தக் கோட்டைத் தாண்டினால் 101-லிருந்தே 4.70 ஆகிவிடும், 600 வரை 8.40, அதற்கு மேல் 9.45. ஆக, 380-க்கு 1,081 ரூபாய். கூடுதலாக ஓடிய 260 யூனிட்டுக்கு மட்டும் 2,177 ரூபாய். கடைசியில் சேரும் யூனிட்தான் விலை கூடியது. உங்கள் வீட்டு பில் 500-ஐ ஒட்டி வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து யூனிட் மிஞ்சினால் முந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும்.

பழைய 1,081 ஆளுக்குப் பாதி, ஏறியது முழுக்கத் தம்பி வீட்டுக்கு என்று அவள் எழுதினாள். கணக்கு முடிந்த மாதிரிதான் இருந்தது. ஏ.சி. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று சரிபார்க்கச் சித்தியிடம் கேட்டாள். "ராத்திரி குழந்தைக்கு ரெண்டு மணி நேரம். மத்தியானம் ஆத்தாவுக்கு ரெண்டு மணி நேரம்." இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு முதுகெல்லாம் வேர்த்துப் புண்ணாகத் தொடங்கியதும்தான் பகலிலும் போடுகிறார்கள். சண்டை நடந்த அத்தனை நாளிலும் தம்பி இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா பக்கத்தில் போய் உட்காரும் அண்ணனும் கேட்டதில்லை.

"அத்தைக்கு ஓடறதுல நம்ம பங்கையும் எழுது" என்றார் அண்ணன் மனைவி.

வருடத்து ஆறு பில்லையும் எடுத்துக் கூட்டினார்கள்: 987, 1,364, 3,258, 2,544, 1,490, 1,081. மொத்தம் 10,724. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 900-க்குச் சற்றுக் குறைவு. பழைய அளவு பில்லில் அண்ணனின் பாதி மாதம் 270 ரூபாய். ஏ.சி.யால் வருடத்துக்கு ஏறுவது 4,200 சொச்சம். அதில் பாதி அம்மாவுக்கு. அந்தப் பாதியில் ஒரு பாதி அண்ணனுடையது, மாதம் 88. இரண்டையும் சேர்த்து 360 என்று வைத்தார்கள். தம்பிக்கு 540. பால் பணம் கையில் வரும் வாரத்திலேயே இரண்டையும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். மழைக்கால மாதங்களில் மிஞ்சுவது கோடை பில்லுக்கு நிற்கும். மஞ்சள் விற்றால்தான் முழுப்பணம் பார்க்கும் வீட்டில் மூவாயிரத்தை ஒரே நாளில் தேடுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

நடுவில் ஒரு சொந்தக்காரர், தோட்டத்து மோட்டார் லைனிலிருந்து ஏ.சி.க்கு ஒரு வயர் இழுத்தால் செலவே இல்லை என்று யோசனை சொன்னார். பாசனத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை வீட்டுக்கு எடுப்பது குற்றம். அபராதம் ஒரு பக்கம். அதை நம்பிப் பயிர் வைத்திருக்கும்போது இணைப்பையே பணயம் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. தம்பி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

மகள் இன்னொன்றையும் கணக்குப் பார்த்திருக்கிறாள். அதே 640 யூனிட் இரண்டு மீட்டரில் 170, 470 என்று பிரிந்து ஓடியிருந்தால் பில் 164 ரூபாய் 50 காசும் 1,616 ரூபாயும்தான். ஒரே கோடை பில்லில் 1,477 ரூபாய் மிச்சம். வாசலும் சமையலறையும் தனியாக இருப்பதால் இரண்டாவது இணைப்புக் கேட்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரம் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அம்மாவின் கைரேகை வாங்க வேண்டும். அவர் கொஞ்சம் எழுந்து உட்காரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.