குழிக் கணக்கும் ஸ்டோக்ஸ் கணக்கும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் என் ரெக்கார்டு நோட்டில் விழுந்த ஒரு சிவப்பு வட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ரெட்வுட் விஸ்காமீட்டரைத் தொடாதவர் நம்மில் யார்? கிண்ணத்தில் முனை தொடும்வரை எண்ணெய் ஊற்றி, சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கி, குண்டைத் தூக்கியதும் ஸ்டாப் வாட்சைத் தட்ட வேண்டும். கீழே குடுவையில் 50 சிசி நிரம்ப எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். அன்று எனக்கு 200 விநாடி. நம் ரெக்கார்டுச் சூத்திரப்படி 0.26-ஐ 200-ஆல் பெருக்கினால் 52. அதில் 172-ஐ 200-ஆல் வகுத்துவரும் 0.86-ஐக் கழித்தால் 51.14 சென்டிஸ்டோக்ஸ். இதுவரை சரி. அதையே விநாடிக்கு இத்தனை சதுர மீட்டர் என்று மாற்றி எழுத வேண்டும். ஒரு சென்டிஸ்டோக்ஸ் என்றால் விநாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு ஆயிரம் மில்லிமீட்டர்தானே! ஆயிரத்தால் வகுத்து 0.05114 என்று போட்டுவிட்டேன்.

சார் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "இவரு கணக்குப்படி இது 51 ஆயிரம் சென்டிஸ்டோக்ஸ். தேனைவிடப் பல மடங்கு கெட்டி. அம்பது சிசி இறங்க ரெண்டு நாளைக்கு மேல ஆகும். தம்பி இருநூறே செகண்டுல இறக்கிட்டாரு!"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளே வேறு. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனதால்தான் பீஸ் கட்டினேன். மூணு சைபர் எங்கே போச்சு என்றுகூடத் தெரியாதவனுக்கு டிப்ளமா எதற்கு? திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊர்க்காரப் பையன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை துணிமணி எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நடவு செட்டுக்கு அவர்தான் தலைவர். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கூலி மா கணக்கில்தான். அளவில் ஏமாந்தால் இருபது பேர் வயிற்றில் அடி. அன்று இரவு திண்ணையில் நோட்டைப் புரட்டியவர் சிவப்பு வட்டத்தில் விரல் வைத்தார்.

"என்ன தம்பி இது, சுழிச்சு வெச்சிருக்கு?"

"சின்ன அளவைப் பெரிய அளவா மாத்துறதுல தப்பு பண்ணிட்டேம்ப்பா. சதுர கணக்கு."

"சதுரமா? சரி, கோலு எத்தினி அடி?"

"பன்னெண்டு."

"குழிக்கு?"

"பன்னெண்டு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அப்பா சிரித்தார். "போடா! நீ அளந்தா எங்க கூலி அவ்ளோதான். நீளத்துல பன்னெண்டு, அகலத்துல பன்னெண்டு. நூத்தி நாப்பத்தி நாலு. கோலு ஒண்ணுதான், ஆனா ரெண்டு தடவ போடணும்ல?"

ரெண்டு தடவை! நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி. சிறுவயதிலிருந்து காதில் விழுந்த கணக்குதான். மில்லிமீட்டரிலும் அதேதான். நீளத்தில் ஆயிரம், அகலத்தில் ஆயிரம். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் சதுர மில்லிமீட்டர். என் எண்ணெய் 0.00005114. நாம் பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு என்று மனப்பாடம் செய்வது இந்தப் பத்து லட்சத்தைத்தான். ஸ்டோக்ஸ் என்பது சதுர சென்டிமீட்டர். ஆகவே அதற்குப் பத்தாயிரம், மைனஸ் நாலு. அதற்கப்புறம் நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. கோலை ரெண்டு தடவை போட்டுக்கொள்கிறேன்.

அந்த ஸ்டோக்ஸ் யாரென்று பிறகு நூலகத்தில் தேடினேன். 1819-இல் அயர்லாந்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1849 முதல் 1903-இல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில், நியூட்டன் இருந்த அதே கணிதப் பதவியில் இருந்தார். ஒரு ஆள் 54 வருஷம் ஒரே வேலையில்!

தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 20 டிகிரியில் தண்ணீர் சுமார் 1 சென்டிஸ்டோக்ஸ். காற்றோ சுமார் 15! முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இல்லை. பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துத்தான் இந்த எண் வருகிறது. காற்றின் அடர்த்தி அத்தனை குறைவு என்பதால் விடை பெரிதாகிவிடுகிறது. வைவாவில் கேட்டால் தடுமாறாதீர்கள். இதோடு இங்கிலாந்துக்கு ரெட்வுட், அமெரிக்காவுக்கு சேபோல்ட், ஜெர்மனிக்கு எங்ளர் என்று ஆளுக்கொரு ஓட்டை போட்டு வைத்தார்களே, அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்று இரவு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு அப்பா கேட்டார்: "அது சரி, எண்ணெ எவ்ளோ கெட்டின்னு தெரிஞ்சு என்னா பண்ணப் போற?"

இன்ஜின் ஆயில் சூட்டில் இளகிப்போனால் பேரிங் தேய்ந்துவிடும், குளிரில் இறுகிப்போனால் ஸ்டார்ட் ஆகாது, அதனால்தான் டின்னில் 30, 40 என்று நம்பர் போடுகிறார்கள் என்று சொன்னேன். "மோட்டார் கொட்டகையில அந்த டின்னப் பாத்துருக்கேன்" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அதே பையோடு ஏறினேன். திருப்பூர் விஷயம் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த மலரை ஊருக்குக் கொண்டுபோனால் தங்கச்சிதான் படித்துக் காட்டுவாள். அப்போது தெரிந்துகொள்ளட்டும்.